காணாமல் போன செவ்வாய்க்கிழமை

அம்சவல்லி ஒரே ஒரு பிள்ளைதான் பெற்றாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பிரசவம் என்றால் என்னவென்று ஏழு வருஷம் பேசினாள். அதன் பிறகு ஆயிரம் பிரசவத்துக்கு மேல் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. தெரியத் தெரியப் பேச்சு குறைவது உலகத்தில் அபூர்வம். நெய்வேலியில் அதைவிட அபூர்வம்.

1979-இல் அவளுக்கு இருபத்தொன்பது வயது. பிறந்தது காடாம்புலியூருக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்பும் பலாமரமுமாக இருந்த ஒரு சிற்றூர். புருஷன் கொளஞ்சிநாதன் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். நிலக்கரி போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவது அவன் வேலை. பதினோரு வருஷமாக அவன் அள்ளினான். பதினோரு வருஷமாக அது சிந்தியது. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டே ஜாதி: பர்மனென்ட், காண்ட்ராக்ட். மற்ற ஜாதியெல்லாம் அதற்கப்புறம்தான் கேட்பார்கள். பர்மனென்ட் ஆட்களுக்கு டவுன்ஷிப்பில் பிளாக், குவார்ட்டர்ஸ், இரண்டு பக்கமும் மரம் வைத்த நேர்த்தெரு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. இரண்டு இடத்திலும் ஒரே சாம்பல்தான் விழுந்தது. சாம்பலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மந்தாரக்குப்பத்தின் ஓரத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் பன்னிரண்டு கட்டில் போட்டுப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திவந்தது. கூடவே மருத்துவச்சிப் பயிற்சி வகுப்பு ஒன்றும் இருந்தது. ஒரு வருஷப் படிப்பு. ஒவ்வொரு மாணவியும் இருபது பிரசவத்தைத் தன் கையால் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டியூட்டர் சிஸ்டரின் கையெழுத்தை நோட்டில் வாங்க வேண்டும். முதலில் இருபதை முடிப்பவளுக்கு அந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு வேலை காலியாக இருந்தது. பர்மனென்ட். கொளஞ்சிநாதன் வம்சத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத அந்த ஒரு சொல்லுக்காக அம்சவல்லி விண்ணப்பம் போட்டாள்.

கல்யாணமாகாதவர்களுக்கே முன்னுரிமை என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நேர்காணலில் டாக்டர் பார்வதி கேட்டார்:

"பிரசவத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"பெத்திருக்கேங்க."

மற்ற பெண்கள் புத்தகத்தில் படித்ததை ஒப்பித்துவிட்டுப் போயிருந்தார்கள். இவள் ஒரே வார்த்தையில் எல்லோரையும் தோற்கடித்துவிட்டாள். வகுப்பில் ஏழு பேர். ஆறு பேர் கன்னிப்பெண்கள்.

அவள் பெற்ற கதை அந்த வகுப்பில் பாடப்புத்தகத்தைவிடப் பிரபலமானது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அனல்மின் நிலையத்தின் இரைச்சல் தூரத்தில் கனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆறு பேரும் வராந்தாவில் தலையைத் தூணில் சாய்த்துக்கொண்டு, "அக்கா, அதச் சொல்லுங்கக்கா" என்பார்கள். அவள் சொல்லுவாள்.

எழுபத்திரண்டில் ஒரு புதன்கிழமை. மைன்ஸில் காலை ஆறு மணி ஷிஃப்ட் சங்கு ஊதும்போது குழாயடியில் நின்றாள். இடுப்பில் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு ருக்குமணி ரிக்‌ஷா பிடித்து இதே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தாள். அப்புறம் அவள் கட்டிலில் கிடந்தாள். மேலே இருந்த சின்னக் கண்ணாடி வழியாக வெயில் பழுப்பாக இறங்கியது. கட்டிலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். சுரங்கத்துக்குள் ஊற்று ஏறிவிடாமல் இருக்க ராப்பகலாகப் பூமிக்கடியிலிருந்து இறைத்து வாய்க்காலில் விடுகிறார்களே, அந்த வெதுவெதுப்பான தண்ணீர். அது மெல்ல ஏறிக் கட்டிலைத் தூக்கியது. கட்டில் கதவு வழியாக மிதந்து வெளியே போனது. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. நடுவே வாய்க்காலில் அவள் மல்லாந்து போய்க்கொண்டே இருந்தாள். வலி இருந்தது, ஆனால் அது கரையில் இருந்தது. யாரோ ஒருத்தி அதைத் தலையில் சுமந்துகொண்டு கரையோரமாகக் கூடவே நடந்து வந்தாள். பிறகு இரண்டு மணிச் சங்கு ஊதியது. பலாச்சுளையிலிருந்து கொட்டை வழுக்கி விழுகிற மாதிரி குழந்தை வந்து விழுந்தது.

"ஒரு சத்தம் போட்டதில்ல நான்," என்று முடிப்பாள். "காலைச் சங்குக்குப் போனேன், ரெண்டு மணிச் சங்குக்குப் பெத்துக்கினேன். மொதப் பிள்ளன்னா ஒரு ஷிஃப்ட். அவ்ளோதான் கணக்கு."

அதற்குள் மற்ற ஐந்து பேரும் தூங்கியிருப்பார்கள். கண்ணகி மட்டும் விழித்திருப்பாள். பத்தொன்பது வயது, வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள். "அப்ப புள்ளைக்கு ஓவர்டைம் கெடையாதாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சோம்பேறிக்குத்தாண்டி ஓவர்டைம்," என்றாள் அம்சவல்லி.

ஊர் முழுவதும் சங்கை வைத்துத்தான் சமைத்தது, குளித்தது, சண்டை போட்டது. ஆறு, இரண்டு, பத்து. ஆகையால் பிரசவத்தையும் சங்கை வைத்து அளந்தது யாருக்கும் வினோதமாகப் படவில்லை. ஒரு ஷிஃப்டுக்குள் பெற்றவர்களை அம்சவல்லி தன் கணக்குக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டாள். மீறியவர்களிடம், "உனக்கு நெஜ வலி வந்ததே லேட்டும்மா" என்று வலி ஆரம்பித்த நேரத்தைத் தள்ளி வைத்தாள். நல்ல சித்தாந்தம் எதுவும் இப்படித்தான் பிழைக்கிறது. கத்துகிறவர்களிடம், "நான் மூச்சு வுடல, நீ இன்னாத்துக்கு இப்பிடிக் கூப்பாடு போடுற?" என்பாள். அவர்களும் வெட்கப்பட்டு முந்தானையைக் கடித்துக்கொள்வார்கள். பெற்றவள் சொல்கிறாளே.

டியூட்டர் சிஸ்டர் சுப்புலட்சுமி திருநெல்வேலிப் பக்கம். அம்சவல்லியைவிட இரண்டு வயது இளையவள், கல்யாணம் ஆகாதவள். பிரசவம் என்னும் விஷயத்தில் அவளுக்குக் கருத்து என்று ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வலி வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். யாருக்கும் மணி சொல்ல மாட்டாள். "அதுக்கென்ன தெரியும், பாவம், பெத்துப் பாத்ததா?" என்பது மாணவிகள் ஏழு பேரின் ஏகமனதான முடிவு.

ஐப்பசியில் அம்சவல்லியின் நோட்டில் பத்தொன்பது கையெழுத்து ஏறியிருந்தது. கண்ணகிக்குப் பதினாறு. இன்னும் ஒன்றே ஒன்றுதான். கொளஞ்சிநாதன் வீட்டுச் சொந்தக்காரரிடம், "என் சம்சாரம் பர்மனென்ட் ஆவப்போறா" என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, அதற்காக ஒரு பீடியும் வாங்கிக் குடித்திருந்தான்.

இருபதாவது, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிச் சங்கோடு வந்தது. அம்சவல்லிக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. வெளியே தூறல். மழைச்சாரலும் அனல்மின் நிலையத்தின் ஆவியும் கலந்து, எதிர்க் கடை கூடத் தெரியாதபடி ஊர் பாலில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மருதாசலம் என்ற கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், மைன்ஸில் ஆபரேட்டர். பின்னால் அவன் மனைவி புஷ்பவல்லி. இருபத்தொரு வயது. முதல் பிள்ளை.

"ஏனுங்கக்கா, நம்மளுக்கு எப்பங்க பொறக்கும்?" என்றாள் புஷ்பவல்லி கட்டிலில் ஏறுவதற்கு முன்பே.

"ரெண்டு மணிச் சங்குக்குப் புள்ள கையில."

"அத்தன கரெக்ட்டாங்க?"

"எனக்கு அப்பிடித்தாம்மா."

புஷ்பவல்லியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எந்த மருத்துவச்சிக்கும் பொய் சொல்லத் தோன்றும். மருதாசலமும் மணி தெரிந்துகொண்டு, தாமதமானாலும் நிம்மதியாக ஷிஃப்டுக்குப் போனான். போன இடத்தில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டான்.

காலை நகர்ந்தது. வலி வந்தது, போனது. நடுவில் புஷ்பவல்லி தூங்கினாள். பாதித் தூக்கத்தில் தன் ஊர்க் கிணற்றைப் பற்றி ஏதோ சொன்னாள். அம்சவல்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல. தூறலுக்கு அப்பாலிருந்து வரும் இரைச்சல் அவளையும் கொஞ்சம் மிதக்க வைத்தது. வாய்க்காலும் தோப்பும் கண்ணில் வந்தன. கத்த ஆரம்பித்தபோதெல்லாம், "வாய மூடு சாமி, தெம்பு போயிடும்" என்றாள்.

பதினொரு மணிக்கு சுப்புலட்சுமி வந்து சோதித்துவிட்டு, "கருப்பை வாய் ரெண்டு விரல்தான் திறந்திருக்கு. நேரமாவும். நான் சொல்லாம முக்கச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் நச்சுக்கொடி விழாத ஒரு கேஸைப் பார்க்கப் போனாள்.

ஒன்றேகால் ஆனது. ஒன்றரை ஆனது. சங்குக்கு அரைமணிதான் இருந்தது; கட்டிலில் வேலை எதுவும் முடிகிற அறிகுறி இல்லை. அம்சவல்லி கருப்பை வாயைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மணியைப் பார்த்தாள்.

"முக்கும்மா."

"இப்பவேங்களா?"

"ஆமா, நேரம் வந்துடுச்சு. தாடைய நெஞ்சுல வெச்சி முக்கு. எங்க, இன்னொண்ணு. வுடாத."

புஷ்பவல்லி முக்கினாள். நெற்றி நரம்பு புடைக்க, கண் சிவக்க, முக்கால் மணி நேரம் முக்கினாள். நல்ல வளர்ப்பு, சொன்னதைக் கேட்கிற பெண். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. நீளமாக, ஈரக் காற்றில் ஊறிப்போய் ஊதியது. ஊதி நின்றது. குழந்தை இல்லை. கால் மணி கழித்து வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷிஃப்ட் முடிந்து மருதாசலம் நாலு சிநேகிதர்களோடும் ஒரு பெட்டி ஜிலேபியோடும் வந்துவிட்டான்.

"என்னய்யா, சங்கு ஊதியாச்சு, புரொடக்‌ஷன் எங்க?" என்றது ஒரு குரல்.

"பிரேக்டவுனோ என்னவோ!" என்றது இன்னொன்று. சிரிப்பு. மருதாசலம் சிரிக்கவில்லை.

சுப்புலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். புஷ்பவல்லியின் முகத்தைப் பார்த்தாள், சோதித்தாள். நிமிர்ந்தபோது குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மூணு விரல்தான். வாய் வீங்கிப் போயிருக்கு. யாரு முக்கச் சொன்னது?"

அம்சவல்லி கட்டிலை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"நான்தாங்க சிஸ்டர்."

"எதைப் பாத்துச் சொன்னீங்க?"

"ரெண்டு மணி ஆயிடுச்சுங்க… எனக்கு அப்பிடித்தான்…"

சுப்புலட்சுமி புஷ்பவல்லியை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். "இனி முக்காதீங்கம்மா, வாயால ஊதி ஊதி விடுங்க" என்றாள். டாக்டரைக் கூப்பிடக் கண்ணகியை அனுப்பினாள். குழலை வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். பிறகுதான் அம்சவல்லியைக் கதவுக்கு வெளியே கூட்டிப் போனாள்.

"நீங்க இந்த ஆஸ்பத்திரியிலதான பெத்தீங்க?"

"ஆமாங்க. எழுபத்திரண்டுல."

"ஆபீஸ் அலமாரியில பழைய ரிஜிஸ்டர் இருக்கு. எடுத்துப் பாருங்க. அனுபவம்னா எழுதி வச்சிருப்பாங்கல்லா. பாத்துக்கிட்டு இருங்க. நான் கூப்பிடுத வரைக்கும் உள்ள வரக் கூடாது."

வேண்டுமென்றே அனுப்பினாளா, கையை விட்டு விலக்கி வைக்க ஒரு வேலை கொடுத்தாளா, தெரியாது. சுப்புலட்சுமிக்கும் அந்த ரிஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எழுபத்திரண்டில் அவள் பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தாள்.

ரிஜிஸ்டர் கரையான் வாசனையோடு வந்தது. அம்சவல்லி ஜன்னலோரம் நின்று பிரித்தாள். தன் பெயரைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை.

அம்சவல்லி, க/பெ கொளஞ்சிநாதன், வயது 22. முதல் பிரசவம். சேர்ந்தது: செவ்வாய், காலை 6.10.

செவ்வாய். அவள் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தாள். மசி பழையது, அழியவில்லை. கீழே வரிசையாக இருந்தது. செவ்வாய் பகல் 2: ஒரு விரல். செவ்வாய் மாலை 6: இரண்டு விரல். நோயாளி மிகவும் கத்துகிறார். இரவு 9: தூக்க ஊசி போடப்பட்டது. புதன் காலை 5: மீண்டும் ஊசி. புதன் பகல் 1.50: டாக்டர் ஆயுதம் போட்டு எடுத்தார். பெண். உடனே அழவில்லை. 2.00: அழுதது.

முப்பத்திரண்டு மணி நேரம். நாலு ஷிஃப்ட். நடுவில் மூன்று சங்கு ஊதியிருக்கிறது. மூன்றும் அவள் காதில் விழவில்லை. ஒரு முழுச் செவ்வாய்க்கிழமை அவள் ஆயுளிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. ஏழு வருஷம் அவள் அதைத் தேடவே இல்லை.

முதலில் அவளுக்கு யாரோ வேறொரு பெண்ணின் மேல் இரக்கம் வந்தது. பாவம், இருபத்திரண்டு வயசு, இரண்டு நாள் கிடந்து கத்தியிருக்கிறது. கரையில் வலியைச் சுமந்துகொண்டு நடந்து வந்தவளின் முகம் இவ்வளவு நாளாகத் தெரியாமலிருந்தது. இப்போது தெரிந்தது. ரிஜிஸ்டரை மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். அதே செவ்வாய்தான் இருந்தது.

டாக்டர் பார்வதி வந்து பார்த்துவிட்டு, குழந்தையின் துடிப்பு நன்றாக இருப்பதால் ஆறரை வரை பார்க்கலாம், வீக்கம் வடியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று வேனைத் தயாராக நிறுத்தச் சொன்னார். உள்ளே புஷ்பவல்லி அழுதாள். "அந்த அக்காவ வரச் சொல்லுங்க," என்றாள். எவள் ஏமாற்றினாளோ அவள்தான் வேண்டுமாம். மற்றவர்கள் யாரும் அவளுக்கு ஒரு நேரம்கூடச் சொல்லவில்லையே. சுப்புலட்சுமி கதவைத் திறந்து தலையை அசைத்தாள்.

"அக்கா, ரெண்டு மணின்னு சொன்னீங்களே."

"சொன்னேம்மா."

"இப்ப மணி எத்தனைங்க?"

"மூணே முக்கா."

"இன்னும் எத்தன நேரமுங்க?"

அம்சவல்லி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "தெரியலம்மா."

"தெரியலைங்களா? காத்தால தெரிஞ்சுதே!"

"காத்தால தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"தெரியாதுங்கறதுக்கா ஒரு வருஷம் படிக்கறீங்க?" என்றாள் புஷ்பவல்லி. அடுத்த வலி வந்தது. பல்லைக் கடித்தாள். "அக்கா… கத்தட்டுங்களா?"

"கத்து."

"காத்தால வேண்டாம்னீங்க."

"இப்ப கத்து. நானும் கத்துனவதான். இப்பத்தான் தெரிஞ்சிது."

புஷ்பவல்லி கத்தினாள். பண்புள்ள கொங்கு நாட்டுப் பெண், மரியாதை விகுதியோடு கத்தினாள்: "முடியிலீங்க! என்ற அம்மா எங்கீங்க!" வராந்தாவில் ஜிலேபிக்காரர்களின் பேச்சு நின்றுபோனது. அம்சவல்லி அவள் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பத்தொன்பது பிரசவம் பார்த்த கைக்கு, வலி எப்படி ஓரத்திலிருந்து கிளம்பி, கல்லாக இறுகி, மெல்ல மணலாக உதிர்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. மணியை அவள் பார்க்கவில்லை. வெளிச்சம் மட்டும் மாறியது. வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு, சாம்பலிலிருந்து ஈயத்துக்கு. இரண்டு பெண்களும் அந்த மங்கலில் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், இந்த முறை அம்சவல்லி விழித்திருந்தாள்.

ஆறு மணி சுமாருக்கு வீக்கம் வடிந்து வாய் முழுக்கத் திறந்தது. சுப்புலட்சுமி, "இப்ப முக்குங்கம்மா" என்றாள். ஆறு இருபதுக்கு ஆண் குழந்தை. தலை நீண்டு சுரைக்காய் மாதிரி இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு அழுதது. பிடித்தது சுப்புலட்சுமியின் கை. புஷ்பவல்லிக்கு ஆறு தையல் விழுந்தது. நாலு நாள் காய்ச்சல் அடித்தது. அந்த நாலு நாளும் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்சவல்லிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜிலேபியை மட்டும் அன்றே எல்லோரும் தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் காலை கொளஞ்சிநாதன் நைட் ஷிஃப்ட் முடித்துத் திரும்பினான். காலைக் கழுவுவதற்குள் அவள் கேட்டாள்:

"ஏங்க, தமயந்தி பொறந்தப்ப செவ்வாக்கெழம நான் எங்க இருந்தேன்?"

"ஆஸ்பத்திரியிலதான். வேற எங்க இருப்ப?"

"எத்தினி நாளு?"

"நாலு ஷிஃப்டு. நான் ஜன்னலாண்ட நின்னுக்கினு எண்ணிக்கினே இருந்தேனே. நடுவுல ரெண்டு ஷிஃப்டு வேலைக்கிப் போய்ட்டு வந்தேன். வந்து பாத்தா அப்பயும் நீ கத்திக்கினுதான் இருந்த."

"நான் கத்துனனா?"

அவன் சிரித்தான். "யம்மாடி! என்னத் திட்டுன. எங்க அம்மாளத் திட்டுன. மைன்ஸத் திட்டுன. 'தண்ணிய நிறுத்துங்கடா, கட்டில் போவுதுடா'ன்னு கூவுன. வாட்ச்மேன் வந்து எந்தக் கொழாய் ஒடைஞ்சிதுன்னு என்னயக் கேட்டான்."

"ஏழு வருசமா இத ஏன் சொல்லல?"

"பெத்தவ காதுல அவ பட்ட பாட்டச் சொல்லக் கூடாது, பால் வத்திப் பூடும்னு ருக்குமணி அக்கா என் வாயக் கட்டிப் போட்டுது. எல்லாருமே அதான் சொன்னாங்க."

"பால்குடி மறந்து அஞ்சு வருசம் ஆவுதேய்யா!"

"எப்பத்திலேருந்து சொல்லலாம்னு யாரும் சொல்லலியே," என்றான் கொளஞ்சிநாதன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். தாய்ப்பாலைக் காப்பாற்றும். மருத்துவச்சியைக் காப்பாற்றாது.

பத்து மணிக்கு டாக்டர் பார்வதியின் அறையில் விசாரணை. மேஜை மேல் அம்சவல்லியின் நோட்டு, பத்தொன்பது கையெழுத்து. டாக்டருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

"மத்தப் பொண்ணுங்க செஞ்சிருந்தாப் புரியும். நீ புள்ளத்தாய்ச்சியா இருந்தவ, அனுபவசாலி…"

"எனக்கு அனுபவம் இல்லீங்க டாக்டர்."

"என்ன உளர்ற? ஏழு வயசுல பொண்ணு இருக்குல்ல?"

"இருக்குதுங்க. பெத்தது நான்தான். ஆனா நான் அங்க இல்லீங்க."

டாக்டர் சுப்புலட்சுமியைப் பார்த்தார். சுப்புலட்சுமி ரிஜிஸ்டரைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். டாக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். ஆனாலும் அவர் முடிவு மாறவில்லை: அனுப்பிவிடலாம். எதிர்பாராமல் குறுக்கே வந்தது சுப்புலட்சுமி.

"வேண்டாம் டாக்டர். நோட்ட அழிச்சுட்டு மொதல்லயிருந்து பாக்கட்டும். தெரியலன்னு ஒரு பொம்பள கிட்ட சொல்லிட்டு ரெண்டரை மணி நேரம் எந்திரிக்காம உக்காந்திருந்தாங்க. அத நான் பாடமா நடத்த முடியாது."

"பத்தொம்பதையுமாங்க சிஸ்டர்?" என்றாள் அம்சவல்லி. பெருந்தன்மை அவளுக்கு உடனே வரவில்லை. பர்மனென்ட் என்ற சொல் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. "ஒரு பத்தாவது வெச்சிக்குங்களேன். நல்லாப் பொறந்த புள்ளைங்கதான அதெல்லாம்."

"அதுகளாப் பொறந்ததுக. ஒண்ணு கூடக் கிடையாது."

சிவப்பு மசியால் பத்தொன்பது கோடு விழுந்தது. காலியிடம் பொங்கலுக்கு முன்னால் கண்ணகிக்குப் போனது. உத்தரவை வாங்கிக்கொண்டு கண்ணகி அம்சவல்லியிடம் வந்து, "ஓவர்டைம் பாக்குறது நீதான்க்கா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். வீட்டுச் சொந்தக்காரர் தெருவில் எதிர்ப்பட்டால் கொளஞ்சிநாதன் வேறு சந்தில் திரும்பினான்.

அம்சவல்லி அடுத்த வருஷப் பெண்களோடு மறுபடி உட்கார்ந்தாள். அவர்களும் மத்தியானத்தில் தூணில் சாய்ந்துகொண்டு, "உங்களுக்கு எப்பிடி இருந்துதுக்கா?" என்று கேட்டார்கள். "நான் தூங்கிட்டேன்" என்றாள். அவள் சொன்னதிலேயே அதுதான் துல்லியம். அவர்கள் அதைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டார்கள். கட்டில் பக்கம் அவள் வேறு மாதிரி ஆகியிருந்தாள். மணி சொல்வதில்லை. வலி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே போய் நிற்கிறது என்று அவர்களையே கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை காத்திருந்தாள். பிறந்து மூன்றாம் நாள், பால் நன்றாகச் சுரந்த பிறகு, பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நேரம் ஆயிற்று, எப்போது ஊசி போட்டது, என்னவெல்லாம் கத்தினாள் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போவாள். ஊர்க் கிழவிகள் வைதார்கள். யாருக்கும் பால் வற்றவில்லை.

மந்தாரக்குப்பத்தில் அவளைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. "அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது போல. எதக் கேட்டாலும் 'பாப்போம், பாப்போம்'ங்குது." இதைச் சொன்னவர்களே வலி எடுத்ததும், "அந்தம்மா டியூட்டில இருக்குதா பாரு" என்று ஆள் அனுப்பினார்கள்.

இரண்டாவது காலியிடம் வர இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது. 1982 மாசியில் ஒரு முற்பகல், ஆபீஸ் குமாஸ்தா சிங்காரவேல் பர்மனென்ட் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பிரசவ அறைக் கதவைத் தட்டினார். பெற்றுக்கொண்டதற்கு அன்றே கையெழுத்து வேண்டும். அவர் பஸ்ஸைப் பிடித்து சேத்தியாத்தோப்புக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டும். உள்ளே ஒரு பெண் அம்சவல்லியின் வலது கையைப் பிடித்திருந்தாள். விடுகிற பிடியாக இல்லை.

"அம்மா, ஒரே ஒரு கையெழுத்து," என்றார் சிங்காரவேல், தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"கை இல்லீங்க," என்றாள் அம்சவல்லி. எத்தனை நேரம் ஆகும் என்று அவர் கேட்டார். அவளிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. கடைசியில் அவர் மைப்பெட்டியைத் திறந்து கதவிடுக்கில் நீட்டினார். அவள் இடது கையை நீட்டிப் பெருவிரலைப் பதித்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தக் கோப்பைப் பார்த்து ஆட்சேபம் எழுதினார்கள்: எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரை மருத்துவச்சியாக நிரந்தரப் பணியில் அமர்த்தியது எந்த விதியின் கீழ்? பதிலைச் சுப்புலட்சுமி தன் கைப்பட ஒரே வரியில் எழுதி அனுப்பினாள்.

"மேற்படியாரின் வலது கை அப்போது வேலையில் இருந்தது."